ஸ்க்ரூவில் வைத்த பொட்டு

நாள்காட்டியில் போட்டிருந்த நல்ல நேரம் பத்தரையோடு முடிகிறது என்று குழந்தைவேலு காலையிலிருந்து ஏழெட்டுத் தடவை சொல்லிவிட்டான். நான்கு டயருக்கும் நான்கு எலுமிச்சைப்பழம் வைத்தாயிற்று. தேங்காய், கற்பூரம், குங்குமம் தடவிய பூசணிக்காய் எல்லாம் தட்டில் தயார். கார் மட்டும் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு நின்றது. அதற்குள் அவனுடைய மச்சான் அழகேசன், காரின் பழுதைப் படிக்கிற தன் ஸ்கேனரோடு உட்கார்ந்திருந்தான். இந்தக் குடும்பத்தில் சாமிக்கு முன்னால் அந்த ஸ்கேனருக்குத்தான் முதல் மரியாதை.

அழகேசனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. உட்காரச் சொன்னால் காலாட்டுவான். பேச்சுக் கொடுத்தால் கையில் கிடைத்த டிவி ரிமோட்டைப் பிரித்துக்கொண்டே பதில் சொல்லுவான். வேலை நாட்களில் சுங்கைப்பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் சர்க்யூட் போர்டு பழுது பார்ப்பவன். கெடா மாநிலத்தில் வேலைக்கும் பள்ளிக்கும் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால், அந்த இரண்டு நாளும் திகாம் பத்துவில் தன் வீட்டு முன்கூரைக்கடியில் ஊரார் கார்களின் மூளையைப் பிரித்து மேய்வான். யாரிடமும் போய்ப் படித்ததில்லை. ஃபோனில் வீடியோ பார்த்து, சொந்தக் காரின் கம்ப்யூட்டரை மூன்று முறை கெடுத்து, மனைவி புஷ்பவள்ளியிடம் திட்டு வாங்கிக் கற்றுக்கொண்டது. இப்போது சாவி தொலைத்தவன், வண்டி ஸ்டார்ட் ஆகாதவன், டேஷ்போர்டில் விளக்கு எரிந்து தூக்கம் கெட்டவன் எல்லாரும் குரூணிலிருந்தும் பீடோங்கிலிருந்தும் அவனைத் தேடி வந்தார்கள்.

அவனிடம் ஒரு நேர்மையும் இருந்தது. மீட்டரைத் திருப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறைத்துக் கொடு என்று யார் கெஞ்சினாலும் செய்ய மாட்டான். அது ஏமாற்று வேலை என்பான். வீட்டுக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொள்ளவும் செய்வான்.

கார் அவனுடைய தங்கை காஞ்சனாவுக்கு. பாடாங் மேஹாவில் எஸ்டேட் லாரி ஓட்டும் குழந்தைவேலுவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள், அரசாங்க கிளினிக்கில் தாதி. இத்தனை நாள் மோட்டார் சைக்கிளில் போய்வர முடிகிற தூரத்தில் வேலை இருந்தது. இப்போது பாலிங்கிற்கு மாற்றிவிட்டார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமை முதல் நாள் வேலை. போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். வழியெல்லாம் செம்பனைக்காய் லாரியும் மர லாரியும் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு வரும். மோட்டாரில் வேண்டாம் என்று முதலில் சொன்னதே அழகேசன்தான்.

பழைய காராக, ஊர் வழக்கில் பழைய காடியாக, ஒன்று பார்த்தார்கள். புதன்கிழமை, விற்கிறவர் ஸ்கேன் எடுத்த திரையைப் படம் பிடித்து அனுப்பினார். காஞ்சனா அதை அண்ணனுக்கு அனுப்பினாள். தொழிற்சாலை கேண்டினில் ஒரு கையில் தேத்தண்ணியும் மறு கையில் ஃபோனுமாக அவன் பார்த்தான். பழுது: பூச்சியம். 'எடு' என்று ஒரே சொல் எழுதி, பக்கத்தில் ஒரு கட்டைவிரலையும் போட்டு அனுப்பிவிட்டு டீயைக் குடித்து முடித்தான். எத்தனையோ பேருக்கு அந்தப் பூச்சியத்தைத் தன் கையாலேயே வரவழைத்துக் கொடுத்தவன், தனக்கு வந்த பூச்சியத்தை ஒரு கேள்வி கேட்கவில்லை. புத்தி அன்றைக்கு எங்கே போயிருந்தது என்று அவனுக்கு இன்றுவரை புரியவில்லை.

இப்போது அவனுடைய சொந்த ஸ்கேனரும் அதையே சொன்னது. என்ஜின், கியர், பிரேக், ஏர்பேக் எல்லாம் பச்சை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த குழந்தைவேலுவின் முகமும் மலர்ந்தது. "அப்போ பழத்து மேல ஏத்திடலாம்லா மச்சான்," என்றான்.

ஏற்றியிருப்பான். ஸ்கேனரின் வயரைச் சுருட்டும்போது பேனா சீட்டுக்கும் நடுப்பெட்டிக்கும் இடையே விழுந்தது. விட்டுத் தொலைத்திருக்கலாம், ஆனால் அவனால் எதையும் விட முடியாது. கையை விட்டுத் துழாவினான். நடுப்பெட்டியின் பக்கவாட்டுத் தகடு லொடலொடவென்று ஆடியது. ஏற்கெனவே யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். ஃபோன் விளக்கை அடித்து உள்ளே பார்த்தான். ஏர்பேக்கை இயக்குகிற வெள்ளிப் பெட்டி தெரிந்தது. அதன் மூடியில் நான்கு ஸ்க்ரூ. நான்கின் தலையிலும் நாவற்பழ நிறத்தில் ஒவ்வொரு பொட்டு, நடுவே மினுக்குத் தூள்.

அழகேசன் ஃபோன் விளக்கை அணைத்தான்.

அந்தப் பொட்டு அவன் வைத்தது. எந்தப் பெட்டியைத் திறந்தாலும் மூடிய பிறகு புஷ்பவள்ளியின் நகப்பூச்சை எடுத்து ஸ்க்ரூ தலையில் தொட்டு வைப்பது அவன் வழக்கம். வேறு யாரோ திறந்து கெடுத்துவிட்டு வந்து 'நீதான் கெடுத்தே' என்று சண்டை பிடிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. யாரும் காப்பியடிக்கக் கூடாதென்று இரண்டு பாட்டிலைக் கலந்து அவனே கண்டுபிடித்த நிறம். கெடா முழுக்கத் தேடினாலும் இன்னொருவரிடம் கிடைக்காது என்று பெருமை வேறு.

பெட்டியைக் கொண்டுவந்தது முருகையாவாகத்தான் இருக்க வேண்டும். விபத்தில் அடிபட்டு ஏலத்துக்கு வரும் கார்களை வாங்கி, தட்டி நிமிர்த்தி, பெயிண்ட் அடித்து விற்கும் தரகர் அவர். காரைக் கொண்டுவர மாட்டார். பசாரில் மீன் வாங்கி வருகிறவர் மாதிரி, பெட்டியை மட்டும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு வருவார். ஒருமுறை ஏர்பேக் வெடித்துவிட்டால் அந்தப் பெட்டி விபத்தைத் தன்னுள் எழுதி வைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அழகேசன் அந்த நினைவை அழித்துக் கொடுப்பான். ஏர்பேக் இருக்க வேண்டிய இடத்தில் மாட்டுவதற்கு அரிசி அளவில் ரெசிஸ்டர்களையும் பற்றவைத்துக் கொடுப்பான். அவற்றை மாட்டினால் ஏர்பேக் இருக்கிறதென்று பெட்டி நம்பிக்கொள்ளும், விளக்கும் அணைந்துவிடும். "சோதனைக்குக் காட்டத்தான் தம்பி, அடுத்த வாரம் புது ஏர்பேக் போட்டுருவேன்," என்பார் முருகையா. அடுத்த வாரம் போட்டாரா என்று அழகேசன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் பதில் தெரிந்துவிடும் என்பதும் அவனுக்குத் தெரியும்.

காருக்குள்ளேயே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பார்த்தான். நடுவில் புத்தம்புது மூடி. அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. காற்றுப்பை இருக்க வேண்டிய இடத்தில் தன்னுடைய அரிசி ஒன்று கறுப்பு டேப் சுற்றிக்கொண்டு தூங்குகிறது. நாளைக் காலை ஆறரைக்கு அதற்கு முன்னால் காஞ்சனா உட்காருவாள்.

"என்ன மச்சான், மணி பத்தாகுது," என்றான் குழந்தைவேலு.

இந்த இடத்தில் நல்ல மனிதன் என்ன செய்வான் என்பது எல்லாருக்கும் தெரியும். அழகேசன் அதைச் செய்யவில்லை. ஸ்டியரிங் மூடியைக் கழற்றி, உள்ளே காலி என்று காட்டினாலே போதும், கார் திரும்பிப் போய்விடும். ஆனால் அடுத்த கேள்வி உடனே வரும். அப்போ உன் மெஷின் ஏன் பச்சை காட்டியது, புதன்கிழமை நீ ஏன் எடு என்று சொன்னாய் என்பார்கள். அந்தக் கேள்வியை நினைத்தாலே அவனுக்கு வேர்த்தது. ஏதோ ஒரு சின்ன சாஃப்ட்வேர் வேலை பாக்கி இருக்கிறது, பெட்டியைக் கழற்ற வேண்டும், அரை மணி நேரம் பொறுங்கள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். பேட்டரி வயரைப் பிரித்தான், பெட்டியைக் கழற்றித் துண்டில் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டான். குழந்தைவேலு எலுமிச்சைப்பழங்களைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

சமையலறை மேசையில் பழைய நாளிதழை விரித்துப் பெட்டியைக் கவிழ்த்தான். அடியில் மார்க்கர் பேனாவில் அவன் கையெழுத்திலேயே 'மு 7' என்றிருந்தது. முருகையாவின் ஏழாவது பெட்டி. இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அழிப்பதற்கு முன் பழைய நினைவை அப்படியே படித்து ஒரு கோப்பாகச் சேமித்து வைப்பது அவனுடைய இன்னொரு வழக்கம். நல்ல மெக்கானிக் அப்படித்தான் செய்வான் என்று அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்வான். கோப்பு, கையோடு கொண்டுவந்திருந்த மடிக்கணினியில் இருந்தது. அதைத் திரும்ப எழுதிவிட்டால் பெட்டிக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிடும், சிவப்பு விளக்கு எரியும். யாரோ அணைத்து மறைத்ததை வெளியே கொண்டுவந்தேன் என்று விளக்கைக் காட்டி, அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைக் கழற்றிக் காட்டலாம். முகம் தெரியாத எவனோ செய்த அயோக்கியத்தனத்தை அழகேசன் கண்டுபிடித்தான் என்று முடிந்துவிடும். காரும் போகும், பேரும் நிற்கும்.

கத்தி முனையால் பொட்டுகளைச் சுரண்டினான். மூன்று உதிர்ந்துவிட்டன. நான்காவது பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருந்தபோது புஷ்பவள்ளி தேத்தண்ணி கொண்டுவந்தாள். நாளிதழில் சிதறியிருந்த நாவற்பழ நிறச் செதில்களைப் பார்த்தாள். கோப்பையைப் பிடித்திருந்த தன் நகங்களைப் பார்த்தாள். பூஜைக்காகக் காலையில்தான் அதே கலவையைப் பூசியிருந்தாள். அவர்கள் வீட்டில் கிடந்த பாட்டில் அது ஒன்றுதான்.

"யாருகிட்டயும் சொல்லாத," என்றான் மெதுவாக.

கோப்பையை வைத்துவிட்டு, புடவைத் தலைப்புக்குள் விரல்களை மறைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் அவனுக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

பெட்டியைத் திறந்து, நினைவு பதிந்திருக்கும் எட்டுக் கால் சிப்பில் கிளிப்பை மாட்டி, கோப்பை எழுதினான். பதினொரு வினாடி ஆனது. இரண்டு முறை சரிபார்த்தான். திரும்பக் கொண்டுபோய்க் காரில் பொருத்தி, பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினான். சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதனின் படம் டேஷ்போர்டில் சிவப்பாக எரிந்தது. அணையவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் அவன் கணக்குப் போட்டபடியே நடந்தது. விளக்கைக் காட்டினான். ஸ்டியரிங் மூடியைக் கழற்றி உள்ளே இருந்த வெறும் குழியையும் கறுப்பு டேப்பையும் காட்டினான். குழந்தைவேலு டேப்பைப் பிரித்து, உள்ளங்கையில் அந்த ரெசிஸ்டரை வைத்துப் புரட்டிப் பார்த்தான். அவன் அதிகம் கோபப்படுகிறவன் இல்லை. கோபம் வந்தபோது குரல் தாழ்ந்தது.

"மனுசன் உக்காருற எடம் மச்சான் இது. இத ஒட்டி வெச்சவன் கை வெளங்குமா? அவன் வீட்டுல பொண்டாட்டி புள்ள இல்லையா?"

பக்கத்தில் நின்ற புஷ்பவள்ளி தரையைப் பார்த்தாள். குழந்தைவேலு விற்றவருக்கு ஃபோன் போடப் போனான். காரைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும், மறுத்தால் போலீசுக்குப் போவேன் என்று வாசல் பக்கமிருந்து அவன் பேசுவது கேட்டது. அடுத்த வீட்டு இராசாத்தி அக்கா வந்து எட்டிப் பார்த்தார். விஷயம் கேட்டு நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, அண்ணன் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும், என் மகனின் காரையும் நீயே ஒருதரம் பார்த்துவிடு தம்பி என்றார். அழகேசன் தலையாட்டினான். ஒரு கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கைக்கு வேலை இல்லாததால் மடக்கு ஸ்க்ரூ டிரைவரை மடிப்பதும் நிமிர்த்துவதுமாக இருந்தான். தப்பித்தாயிற்று என்று தனக்கே சொல்லிப் பார்த்தான்.

எல்லாரும் நகர்ந்த பிறகு காஞ்சனா வந்து காரின் முன் சீட்டில், ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். நாளைக்கு உட்கார வேண்டிய இடம். அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கிளினிக்ல பாத்திருக்கேண்ணே," என்றாள். "ஸ்டியரிங்ல நெஞ்சு இடிச்சு வந்தவங்கள. நீ மட்டும் விடாம தோண்டிப் பாக்கலன்னா, நாளைக்கு நான் இதுலதான் போயிருப்பேன்."

அவள் அதை நன்றியோடு சொன்னாள். அந்த நன்றிதான் அவனை முறித்துவிட்டது. சாபத்தைக்கூட அவனால் கேட்டுக்கொண்டு நிற்க முடிந்தது. இதை முடியவில்லை.

"காஞ்சனா," என்றான். "அந்தக் கை என்னோடது."

அவளுக்குப் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தாள். அவன் நடுப்பெட்டியின் தகட்டை விலக்கி, சுரண்ட முடியாமல் மிச்சமிருந்த அந்த ஒரு பொட்டைக் காட்டினான். அவளுக்கு அண்ணியின் நகப்பூச்சு தெரியும், அண்ணனின் வழக்கமும் தெரியும், குடும்பத்தில் அதைக் கேலி செய்யாதவர் இல்லை. அதற்குப் பிறகு அவன் நிறுத்தவில்லை. முருகையா, பிளாஸ்டிக் பை, ரெசிஸ்டர், காலையில் எரியாத விளக்கு இப்போது எப்படி எரிந்தது என்பது, மூன்று பொட்டைச் சுரண்டியது வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். கண் கலங்கியது. துடைத்துக்கொண்டால் நடிப்பு மாதிரி இருக்குமோ என்று அப்படியே விட்டான்.

காஞ்சனா அழவில்லை, கத்தவில்லை. அந்த ஒற்றைப் பொட்டை விரலால் தடவிப் பார்த்தாள். வாசலில் குழந்தைவேலுவின் குரல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"ஏழாவதுன்னு சொன்னியே," என்றாள் கடைசியில். "மொத்தம் எத்தனண்ணே?"

"பதினொன்னு."

"மத்த பத்தும் யாருகிட்ட இருக்கு?"

"தெரியாது. பெட்டிதான் வரும். காடிய நான் பாத்ததே இல்ல."

"ஒரு தடவ கூட கேக்கலயா, காடி எங்கன்னு?"

இல்லை என்று தலையசைத்தான். மீட்டரைத் திருப்ப மாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த வாய், இப்போது அந்த ஒரு சொல்லுக்குக்கூடத் திறக்கவில்லை.

அவள் காரை விட்டு இறங்கினாள். இத்தோடு போய்விடுவாள், இனி முகத்தில் விழிக்க மாட்டாள் என்றுதான் நினைத்தான். அவள் உள்ளே போய், கிழித்த நாள்காட்டித் தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள். குழந்தைவேலுவிடம் தானே சொல்லிக்கொள்வதாகவும், அவர் ரெண்டு அறை விட்டாலும் வாங்கிக்கொள் என்றும் சொன்னாள். பிறகு அந்தக் கோப்புகளில் காரைக் கண்டுபிடிக்க ஏதாவது இருக்குமா என்று கேட்டாள்.

இருந்தது. அந்த எண்ணம் அவனுக்கு இதுவரை வந்ததே இல்லை. அழித்த நினைவோடு சேர்ந்து காரின் சேசிஸ் நம்பரும் கோப்புக்குள் பதிந்திருக்கும். பதினேழு எழுத்து. அது கையில் இருந்தால் எந்தக் கார், யார் பெயரில் இருக்கிறது என்று போக்குவரத்து இலாகாவில் தேடிவிடலாம். முருகையாவையும் மழுப்ப விடாமல் கேட்கலாம். மடிக்கணினியைக் கார் பானெட்டின் மேல் வைத்துத் திறந்தான். அவன் படிக்கப் படிக்க அவள் எழுதினாள். மு 1. மு 2. மு 3. ஒவ்வொரு எண்ணையும் அவள் திரும்பப் படித்துக் காட்டினாள், கிளினிக்கில் மருந்துப் பெயரைச் சரிபார்ப்பது போல.

மு 4-ஐத் திறந்ததும் அவன் நிறுத்திவிட்டான்.

அந்தப் பெட்டி மட்டும் நன்றாக நினைவிருந்தது. மற்றதெல்லாம் மெதுவாகப் போதும், இதை மட்டும் இன்றைக்கே முடித்துக் கொடு தம்பி என்று, எந்த வண்டிக்கு என்பதையும் சொல்லி முருகையா அவசரப்படுத்திய பெட்டி. பாவம், காத்திருப்பார்களே என்று அன்றைக்கு இரக்கப்பட்டு, வரிசையில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் முடித்துக் கொடுத்தான்.

"சொல்லுண்ணே."

"இது வேன்," என்றான். "பள்ளிக்கூடப் புள்ளைங்கள ஏத்துற வேன்."

காஞ்சனாவின் பேனா தாளின் மேலேயே நின்றது. அவள் முகத்தைப் பார்க்க அவனுக்குத் தைரியமில்லை. நான்கு டயருக்கடியிலும் எலுமிச்சைப்பழங்கள் நசுங்காமல் கிடந்தன. நல்ல நேரம் எப்போதோ முடிந்திருந்தது.

அவள் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தின் உச்சியில் பேனாவை வைத்தாள்.

"இது மொதல்ல," என்றாள். "மெதுவா படி. நாளைக்கு ஸ்கூல் இருக்குண்ணே."